தக்காளி சுருண்டது களை மருந்தாலா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் முறை

காய்கறிப் பாத்தி ஓரமாகக் களைக்கொல்லி அடித்த சில நாளில் ஏதாவது ஒரு செடி கோணிக்கொண்டு நிற்கும். உடனே, எல்லாம் மருந்தால்தான் என்று செடியைப் பிடுங்கிவிடுவார்கள். இல்லையென்றால் நோய் என்று நினைத்து அதன்மேல் இன்னொரு மருந்தை அடிப்பார்கள். இரண்டும் வேண்டாம். மருந்து செடிக்கு எந்த வழியில் வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் அது நேராகத் தெளித்ததில் வந்திருக்காது. காற்று, தெளிப்பான், தொழுவுரம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

தேடத் தொடங்குமுன் மூன்று வேலை. செடிக்கு உரம், டானிக், பூச்சி மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அறிகுறி கலங்கிவிடும். இன்றைய தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மருந்துப் புட்டியின் லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் செயல்படு பொருளின், அதாவது களையைக் கொல்லும் ரசாயனத்தின், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வணிகப் பெயரில் வேறு வேறு மருந்துகள் வருவதுண்டு. கீழே நான் கிளைபோசேட், 2,4-டி என்றெல்லாம் சொல்வது அந்தச் சின்ன எழுத்துப் பெயர்களைத்தான்.

## ஆள்மேல் பட்டுவிட்டது, கண்ணில் தெறித்தது, வாய்க்குள் போய்விட்டது

செடியை அப்புறம் பார்க்கலாம், முதலில் இது.

தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரை மெதுவாக அதே 15-20 நிமிடம் ஓடவிடுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் முதல் 5 நிமிடம் கழுவியபின் கழற்றிவிட்டுத் தொடருங்கள். எரிச்சல் நிற்கவில்லை என்றால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து பாராகுவாட் அல்லது டைகுவாட் என்றால் எரிச்சல் நின்றுவிட்டாலும் போக வேண்டும்.

விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். லேபிளோடு புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனை. பாராகுவாட் விஷயத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்: அதற்கு மாற்று மருந்து கிடையாது, ஒரு மடக்கே உயிரைப் பறிக்கும். முதல் நாள் வாய்ப்புண், தொண்டை எரிச்சல் என்று ஆள் நன்றாகவே தெரிவார். சிறுநீரகமும் நுரையீரலும் கெடுவது அடுத்தடுத்த நாட்களில்தான் தெரியும். “இப்போது பரவாயில்லை” என்பதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

நாயோ பூனையோ ஈரப் புல்லில் நடந்திருந்தால், அது நக்குவதற்கு முன் பாதத்தையும் வயிற்றையும் கழுவிவிடுங்கள். வாந்தியோ எச்சில் வடிவதோ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், லேபிளையும் கொண்டு போங்கள்.

## புது இலை முறுக்கி, குறுகி, தண்டு வளைகிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் தப்பாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

தண்ணீரும் வெயிலும். தக்காளியில் அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகள் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, நிறம் மாறாமல் இருந்தால் இது வெப்பமும் தண்ணீர்க் குறைவும். தண்டில் முறுக்கல் இருக்காது, நுனி நன்றாக இருக்கும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள், பல சமயம் பாதி விரிந்திருக்கும். தண்ணீர் ஒழுங்காக விட்டால் போதும்.

பூச்சி. இலையைத் திருப்பி உருப்பெருக்கியால் பாருங்கள். நுனியை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள், ஓடுகிற புள்ளிகள் விழுந்தால் விடை கிடைத்துவிட்டது. மிளகாயில் இலை மேல்நோக்கிக் குவிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கி வளைந்தால் சிலந்திப்பேன் என்பது நம்பத்தகுந்த முதல் ஊகம்.

வைரஸ். அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, வெள்ளை ஈயும் இருக்கும். வாரக்கணக்கில் செடிக்குச் செடி பரவும்.

காற்றில் வந்த 2,4-டி அல்லது டைகாம்பா. ஒரே சமயத்தில் தக்காளி, பீன்ஸ், வெள்ளரி எல்லாம் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கத்துச் செடிகளில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருக்கும். தக்காளி நுனி இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கிளை பிரிய வேண்டிய நரம்புகள் நெருக்கியடித்து இணையாக ஓடும், நரம்புக்கு நடுவே சதை குறைந்து இலை பெரணி மாதிரி ஆகியிருக்கும். டைகாம்பா என்றால் பீன்ஸ் இலை கிண்ணமாகக் குவியும்.

இதில் நான் முதலில் பார்ப்பது காய்கறிச் செடியை அல்ல, பக்கத்தில் நிற்கும் களைகளை. அகல இலைக் களைகளும் முறுக்கியிருந்து, புல்லும் மக்காச்சோளமும் மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஐந்தாறு வகைச் செடியை ஒரே நாளில் முறுக்கும் வைரஸ் கிடையாது.

“நான் அடிக்கவே இல்லையே” என்பார்கள். உண்மையாகவே இருக்கும். 2,4-டியின் சில வடிவங்களும் டைகாம்பாவும் தெளித்து முடித்த பிறகும், வெயில் ஏறினால் ஆவியாகி நகரும். பக்கத்து நிலத்தில் அல்லது புல்தரையில் யாராவது அடித்தார்களா, என்றைக்கு, காற்று எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள்.

உங்கள் தெளிப்பானே. வேப்பெண்ணெயோ இலைவழி உரமோ தெளித்த சில நாளில், தெளித்த இடத்தில் மட்டும், தெளித்த அளவுக்கு மட்டும் முறுக்கியிருந்தால் குற்றவாளி தொட்டிக்குள் இருக்கிறது. 2,4-டி ரப்பர் குழாயிலும் வாஷரிலும் தங்கிவிடும், தண்ணீரில் ஒரு முறை அலசினால் போகாது. லேபிளில் அமோனியா கொண்டு கழுவும் முறை சொல்லியிருந்தால் அப்படியே செய்யலாம். ஆனால் அமோனியாவோடு பிளீச்சிங் கலவை எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். என்னைக் கேட்டால், களை மருந்துக்கென்று தனித் தெளிப்பான் வைத்து, அதன்மேல் அழியாத மையில் எழுதிவிடுவதுதான் உருப்படியான வழி. கழுவிக் கழுவி நம்புவது சூதாட்டம்.

செடி பிழைக்குமா? இரண்டு மூன்று வாரம் விடுங்கள். புதிதாக வரும் இலை ஒழுங்கான வடிவத்துக்குத் திரும்பினால் பட்டது கொஞ்சம்தான், செடி நிற்கும். முறுக்கிய பழைய இலை சரியாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். நுனி வளர்ச்சியே நின்றிருந்தால் பிடுங்கிவிடுங்கள். நின்ற செடியில் காய் பறிப்பதா என்பது வேறு கேள்வி, அது கீழே தனியாக இருக்கிறது.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம். நஷ்டம் பெரிது, பக்கத்து நிலத்தோடு பேச வேண்டும் என்றால் வேளாண் அலுவலரையோ தாவர நோய் வல்லுநரையோ சீக்கிரம் வரச் சொல்லுங்கள். இலை மாதிரியைத் தாளில் சுற்றி, பையில் போட்டு, உணவு வைக்காத குளிர்பெட்டியில் உறைய வையுங்கள், ஏனென்றால் எச்சம் நாளாக நாளாகக் குறையும். எந்த மருந்தைத் தேடுவது என்று சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் காசுதான் போகும். அடித்தவரிடம் நல்ல முறையில் கேட்டுப் பெயரை வாங்குவது அதைவிட மலிவு.

## முறுக்கல் தொழுவுரம் போட்ட பாத்தியில் மட்டும் தெரிகிறது

இதைக் கண்டுபிடிக்கப் பலருக்கு ஒரு பருவமே போய்விடும். களை மருந்தே தொடாதவர்களின் தோட்டத்திலும் வரும்.

எளிய காரணம் முதலில். மக்காத உரமாக இருந்தால், அல்லது அளவுக்கு மீறிப் போட்டிருந்தால் இலை ஓரம் கருகும், செடி வாடும். முறுக்காது. உரத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள்: சூடும் காரமான நெடியும் இருந்தால் இன்னும் மக்கவில்லை, எடுத்துவிட்டு ஆறப்போடுங்கள்.

முறுக்கலே இருந்தால் அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்லோராம் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்திலும் வைக்கோலுக்கான புல்லிலும் அகல இலைக் களையைக் கொல்ல இவற்றை அடிப்பார்கள். மாடும் குதிரையும் அந்தப் புல்லைத் தின்றால் மருந்து சிதையாமல் சாணத்தோடு வெளியே வரும். குவியலில் மக்கினாலும் சட்டென்று போகாது, காய்ந்த வைக்கோலிலோ ஆண்டுக்கணக்கில் தங்கும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு ஆகியவை மிகச் சிறிய அளவையும் தாங்காது. பிரிட்டனில் 2008-இல் தொழுவுரம் போட்ட வீட்டுத் தோட்டங்களில் இப்படிச் சேதம் பரவியதால் அமினோபைரலிட் விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள்.

மருந்தடித்த புல்தரையில் வெட்டிய புல்லை மூடாக்காகப் போட்டாலும் இதே கதைதான். எத்தனை முறை வெட்டிக் கழித்தபின் பயன்படுத்தலாம், அல்லது பயன்படுத்தவே கூடாதா என்பது அந்த மருந்தின் லேபிளில் இருக்கும்.

சோதனை எளிது, செலவும் இல்லை. குவியலின் பல இடங்களில், மேலும் உள்ளும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். அதில் ஒரு பங்கும் நம்பிக்கையான தொட்டி மண் ஒரு பங்கும் சேர்த்து மூன்று தொட்டிகளில் நிரப்புங்கள். வெறும் தொட்டி மண்ணில் இன்னும் மூன்று. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பீன்ஸ் விதை. ஒன்றில் வடிகிற தண்ணீர் இன்னொன்றுக்குப் போகாதபடி தனித்தனித் தட்டில் வையுங்கள், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில், மூன்றாவது அடுக்கு இலை வரும்போது ஒப்பிடுங்கள். உரத் தொட்டியில் மட்டும் இலை குவிந்து நுனி சுருண்டால் உரம் கெட்டது. புதிதாக ஒரு வண்டி உரம் இறக்குவதற்கு முன்னாலேயே ஒரு பை வாங்கி இதைச் செய்துவிடுவது நல்லது.

கெட்டது என்று உறுதியானால், போட்ட உரத்தை முடிந்த அளவு வாரி எடுங்கள். அடுத்தவர் தோட்டத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். வெறும் புல் வளரும் இடம் இருந்தால் அங்கே மெல்லியதாகப் பரப்பலாம். பாத்தியில் கலந்துவிட்டதைச் சிதைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான். ஈரம் காயாமல் பார்த்து, அடிக்கடி கிளறி, அந்தப் பருவம் மக்காச்சோளம் மாதிரிப் புல் இனத்தை மட்டும் போடுங்கள். அதன் தட்டையையும் அங்கேயே மடக்காதீர்கள், அதிலும் எச்சம் இருக்கலாம். சில மாதத்துக்கு ஒரு முறை பீன்ஸ் சோதனை. சில இடத்தில் ஒரு பருவத்தில் தெளிந்துவிடும், சில இடத்தில் அதற்கு மேலும் ஆகும்.

ஆய்வகச் சோதனை செலவு பிடிக்கும். உரம் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்யலாம். மற்றபடி பீன்ஸ் சொல்வதே போதும்.

## இலையில் காய்ந்த புள்ளி, திட்டுத் திட்டாகக் கருகல்

துளி விழுந்த இடம் மட்டும் கருகி, ஓரிரு நாளில் தெரிந்து, அதற்கப்புறம் வந்த இலை சுத்தமாக இருந்தால் பட்டது தொடுகைவகை மருந்து: பாராகுவாட், டைகுவாட், குளுபோசினேட், அல்லது களைக்கென்று விற்கும் கெட்டியான வினிகர். பூஞ்சைப் புள்ளியும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். வித்தியாசம் பார்க்க, ஒரு புள்ளியின் ஓரத்தை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மூன்று நான்கு நாள் கழித்துப் புள்ளி கோட்டைத் தாண்டியிருந்தால் நோய்; அங்கேயே நின்றால் மருந்து அல்லது வெயில் சுட்டது. வெயில் சுட்டது வெயில் பார்த்த பக்கத்தில் வெளுத்த திட்டாக இருக்கும், சிதறிய புள்ளியாக இருக்காது.

செடிக்குச் செய்ய எதுவும் இல்லை. இலையைக் கிள்ளாமல் விடுங்கள், மிச்சமுள்ள பச்சை செடிக்கு வேண்டும். இந்த வகை மருந்து செடிக்குள் அதிகம் நகராததால் பெரும்பாலும் தேறிவிடும்.

## நுனி வெளுத்து, புது இலை சிறுத்து வருகிறது

இரும்புச் சத்துக் குறைவில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் சீராக இருக்கும், இலை வடிவம் கெடாது. கிளைபோசேட் என்றால் பட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து, நுனி இலையின் அடிப்பாகம் மஞ்சளும் வெள்ளையுமாகும். அடுத்து வரும் இலைகள் ஒடுங்கிச் சின்னதாக வரும். முன்பே விரிந்த இலைகள் பச்சையாகவே நிற்பதால் உரக்குறை என்று ஏமாந்துபோவோம். கிளைபோசேட் பச்சைத் தண்டு வழியாகவும் உள்ளே போகும், “இலையில் படாமல் அடியில்தான் அடித்தேன்” என்பது காப்பாற்றாது. இலை முழுவதும் பால் வெள்ளையாகிவிட்டால் மீசோட்ரையோன், குளோமசோன் போன்ற வெளுக்கச் செய்யும் மருந்துகளைப் பாருங்கள். முதிர்ந்த இலையின் ஓரத்திலிருந்து மஞ்சள் தொடங்கினால் அட்ரசின் போல வேர் வழி ஏறுவது.

நுனி செத்திருந்தால் பிடுங்குவதுதான். மஞ்சளாகி மறுபடி துளிர்த்தால் பொறுக்கலாம்.

## விதை முளைக்கவில்லை, முளைத்தும் அப்படியே நிற்கிறது

முதலில் விதையைச் சந்தேகியுங்கள். ஈரத்துணியில் பத்து விதையைச் சுருட்டி வைத்தால் தெரிந்துவிடும். அதில் ஏழெட்டு முளைத்து மண்ணில் மட்டும் வரவில்லை என்றால் ஆழம், ஈரம், எறும்பு. நாற்றின் அடித்தண்டு நூலாகி மடங்கினால் அழுகல் நோய்.

இதெல்லாம் இல்லையா? ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் நீளாமல் குட்டையாக, நுனி வீங்கியிருந்தால் முளைக்குமுன் அடிக்கும் பெண்டிமெத்தலின் போன்ற மருந்து மண்ணில் இருக்கிறது. முள்ளங்கி விதையை இந்த மண்ணில் ஒரு தட்டும் வேறிடத்து மண்ணில் ஒரு தட்டும் போட்டு ஒப்பிடுங்கள்.

நடைபாதைக்கும் வாசலுக்கும் “பல மாதம் களையே முளைக்காது” என்று விற்கும் மருந்துதான் மோசம். அதில் இமாசபைர், டையூரான் போன்ற நீண்ட நாள் தங்கும் சரக்கு இருக்கும். மழைத் தண்ணீரோடு சரிவில் இறங்கிப் பாத்திக்கு வரும், செடியின் வேர் பாதை அடிக்குப் போனாலும் எடுத்துக்கொள்ளும். காய்கறி வளர்க்கும் மனையில் இதற்கு இடமே இல்லை என்பது என் முடிவு. ஏற்கெனவே அடித்தாகிவிட்டதென்றால் அந்த இடத்தில் தொட்டியிலோ பையிலோ வேறு மண் கொண்டு வளர்ப்பது மலிவு. மண்ணை வெட்டி மாற்றுவது கடைசி வழி, மண் ஆய்வாளரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

“ரசாயனம் வேண்டாம்” என்று உப்புக் கரைசல் ஊற்றுபவர்களுக்கும் இதே பதில். உப்பு சிதையவே சிதையாது, நிறையத் தண்ணீர் விட்டு அடியில் இறக்கினால்தான் உண்டு.

## மருந்து பட்ட காயைச் சாப்பிடலாமா

லேபிளில் அந்தப் பயிரின் பெயரும் காத்திருக்க வேண்டிய நாளும் இருந்தால் அந்த நாள் கழித்துப் பறிக்கலாம். பயிர்ப் பெயரே இல்லை என்றால் பட்டதைச் சாப்பிடாதீர்கள். கீரையைப் பிடுங்கிவிட்டு மறுபடி விதையுங்கள். காய், பிஞ்சு எது மேலே பட்டதோ அதைப் பறித்துக் கழித்துவிடுங்கள். கழுவினாலும் தோல் சீவினாலும் கிளைபோசேட் போகாது, அது செடிக்குள் ஓடுகிற மருந்து. வேருக்கும் இறங்கும் என்பதால் கிழங்குக்கும் இதே விதி. எந்த மருந்து என்றே தெரியாமல் முறுக்கிய செடியில் அந்தப் பருவத்துக் காயை நான் பறிக்க மாட்டேன், செடி பிழைத்திருந்தாலும். கழித்ததை உரக்குழியில் போட வேண்டாம்.

புற்றுநோய் பற்றிய கேள்வியும் கூடவே வரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைபோசேட்டைப் ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வேறு முடிவுக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இன்னும் பத்தாண்டுக்கு அனுமதியைப் புதுப்பித்தது. நான்கு பாத்திக்காக இந்த வழக்கை நாம் தீர்த்தாக வேண்டியதில்லை. அந்த அளவு இடத்துக்குக் களைக்கொத்தும் மூடாக்கும் தாராளம்.

## அடித்தும் களை சாகவில்லை

இதில் ஆபத்து என்னவென்றால், அளவை இரண்டு மடங்காக்கி மறுபடி அடிப்பது. அதற்கு முன் பாருங்கள்.

பொறுத்தீர்களா? கிளைபோசேட் வேலை செய்தது கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அடித்த சில மணி நேரத்துக்குள் மழை வந்ததா? இலையில் புழுதி இருந்ததா, கலங்கல் தண்ணீரில் கலந்தீர்களா? கிளைபோசேட் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வீணாகும், கடின நீரும் அதன் வலுவைக் குறைக்கும். அடிப்பதற்கு முந்தின நாள் களையை வெட்டிவிட்டீர்களா? வெட்டினால் மருந்து ஏற இலை இருக்காது. மருந்தும் களையும் பொருந்துகிறதா? 2,4-டி புல்லைக் கொல்லாது. கோரைக்கு மேலே கருகும், கிழங்கு அடியில் இருந்துகொண்டு மறுபடி துளிர்க்கும். காய்கறிப் பாத்தியில் கோரையைக் கிழங்கோடு தோண்டுவதும், துளிர்க்கத் துளிர்க்க எடுப்பதும் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பாத்திக்கு வெளியே அடித்தே ஆக வேண்டும் என்றால்: கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, கண்ணாடி. அழுத்தம் குறைத்து, பெரிய துளி விழும் நாசில் போட்டு, தரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். காற்று வேகமாக இருந்தால் வேண்டாம். இலையே அசையாத விடியற்காலையும் அந்தி நேரமும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அப்போது நுண்துளி கீழே இறங்காமல் தரையை ஒட்டியே மிதந்து தூரம் போகும். மெல்லிய காற்று காய்கறிக்கு எதிர்ப்பக்கம் வீசும் நேரம் சரி. நாலைந்து களைதான் என்றால் தெளிக்கவே வேண்டாம், கையுறை போட்டு ஸ்பாஞ்சால் இலையில் தடவிவிடலாம்.

## கலந்தது மீந்துவிட்டது, பழைய புட்டியில் லேபிள் இல்லை

மீந்த கரைசலை, லேபிள் அனுமதிக்கும் அளவுக்குள் அதே களை இடத்திலேயே அடித்து முடியுங்கள். தொட்டி கழுவிய தண்ணீரும் அங்கேதான். சாக்கடை, கிணற்றோரம், உரக்குழி எதிலும் ஊற்றக் கூடாது. குளிர்பானப் புட்டியில் மாற்றி வைப்பது குழந்தைகளைக் கொல்லும் பழக்கம், தயவுசெய்து வேண்டாம். லேபிள் போய்விட்ட புட்டியை மோந்து பார்த்தோ நிறத்தை வைத்தோ இன்னது என்று ஊகிக்காதீர்கள். மூடியை இறுக்கி, ‘தெரியாத மருந்து’ என்று எழுதி, பூட்டி வைத்து, உங்கள் பகுதியில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் அல்லது வேளாண் அலுவலகத்தில் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.